சீன மாணவர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்: ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி | செங்துவாசி

நண்பர்களுக்கு வணக்கம். நான் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள செங்து நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். என் துறை பொறியியல். மொழியியலில் எனக்குப் பயிற்சி இல்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளநிலை மாணவர்கள் சிலர், கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைக்காக எழுதிப் பழகும் கட்டுரைகளை என்னிடம் திருத்தத் தருகிறார்கள். அத்தேர்வில் 30 நிமிடத்துக்குள் 120 முதல் 180 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையைக் கையால் எழுத வேண்டும். மொத்தம் 710 மதிப்பெண்ணில் 425 பெற்றால்தான் அடுத்ததாகிய ஆறாம் நிலைத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், ஒரு சொல் பிழையானாலும் அவர்கள் முகம் வாடிப்போகிறது.

முதலில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்துவந்தேன். மறுவாரம் அதே மாணவர் அதே சொல்லை அதே விதமாகப் பிழைபட எழுதிக்கொண்டு வருவார். ஆகவே பிழைகளை ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினேன். குறிக்கக் குறிக்க, இவை கவனக்குறைவால் வருபவை அல்ல என்ற ஐயம் வலுத்தது. சில எடுத்துக்காட்டுகளை எழுத்துப் பெயர்களாகவே தருகிறேன்.

'மாடர்ன்' என்ற சொல்லை எம்-ஓ-ஆர்-டி-இ-என் என்று எழுதுகிறார்கள். 'ஆர்' இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 'ஆபர்ச்சுனிட்டி' என்பதில் அதே 'ஆர்' முற்றிலும் காணாமல் போகிறது. 'கவர்ன்மெண்ட்', 'என்விரான்மெண்ட்' இரண்டிலும் 'எம்' எழுத்துக்கு முன்னுள்ள 'என்' விழுந்துவிடுகிறது. 'லெங்த்', 'ஸ்ட்ரெங்த்' இரண்டிலும் 'ஜி' இல்லை. 'ஸ்டடியிங்' என்பதில் 'ஒய்' இல்லை. 'நைன்த்' என்பதில் வேண்டாத 'இ', 'ஃபார்ட்டி' என்பதில் வேண்டாத 'யு'. 'டிஃபரண்ட்' வர வேண்டிய இடத்தில் 'டிஃபரன்ஸ்' வருகிறது. 'ஏஞ்சல்', 'ஆங்கிள்' இரண்டும் இடம் மாறுகின்றன. 'க்வயட்', 'க்வைட்' இரண்டும் அப்படியே. ஒரு மாணவி 'நேற்றிரவு' என்று சொல்ல நினைத்த இடத்தில் 'நைட்' என்பதற்குப் பதிலாக 'லைட்' என்று எழுதியிருந்தார். நான் அதைக் கைத்தவறு என்று நினைத்தேன், மூன்று பக்கம் தள்ளி இன்னொருவரும் அதையே எழுதியிருந்தார்.

என்னை உண்மையில் குழப்புவது வேறொன்று. 'ரெஸ்பான்சிபிலிட்டி', 'கம்யூனிகேஷன்' போன்ற நீண்ட சொற்களை இதே மாணவர்கள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதுகிறார்கள். நீளமானதில் தவறாதவர்கள் சின்னஞ்சிறு சொற்களில் இடறுவது எப்படி? இப்பிழைகளுக்கும் சீன மொழிக்கும் தொடர்பு உண்டா, அல்லது எல்லா நாட்டு மாணவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்களா? எல்லாவற்றையும் ஒரே விதமாகத் திருத்துவது சரியா?

மறுமொழி 1 | இருமொழிப்பாலம்

தங்கள் நோட்டு நல்ல தொடக்கம். நான் சில ஆண்டுகள் குவாங்சோவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். அங்கே பார்த்தவற்றையும் சீன மொழியைப் பற்றித் தெரிந்தவற்றையும் வைத்துச் சொல்கிறேன்.

பிழைகளைப் பார்ப்பதற்குமுன், அம்மாணவர்களுக்கே நன்கு தெரிந்த ஒரு சீனச் சொல்லைத் தாங்கள் அறிந்துகொள்வது உதவும். எழுத்துப் பிழையைச் சீனத்தில் 'ட்சுவோ-பியெ-ட்சு' என்பார்கள். இது இரண்டு வகைப் பிழைகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். 'ட்சுவோ-ட்சு' என்பது ஒரு கோடு குறைந்தோ கூடியோ, உலகில் இல்லாத ஓர் எழுத்து உருவாகிவிடுவது. 'பியெ-ட்சு' என்பது சரியாக எழுதப்பட்ட, ஆனால் அந்த இடத்துக்கு உரியதல்லாத வேறோர் எழுத்தைப் போட்டுவிடுவது. தொடக்கப் பள்ளியிலேயே இவ்வேறுபாட்டைச் சொல்லித்தருகிறார்கள். தங்கள் பட்டியலில் 'மாடர்ன்', 'கவர்ன்மெண்ட்', 'லெங்த்' ஆகியவை முதல் வகை. 'லைட்', 'ஏஞ்சல்', 'க்வைட்', 'டிஃபரன்ஸ்' ஆகியவை இரண்டாம் வகை. கணினியின் பிழைதிருத்தி முதல் வகையைப் பிடித்துவிடும், இரண்டாம் வகை எளிதில் அதன் கண்ணில் படாது. இரண்டும் வேறு வேறு இடங்களில் பிறப்பவை என்பதால் இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை போதாது.

இரண்டாம் வகையில் பெரும்பகுதி காதில் பிறக்கிறது. அதிலும் மாணவர் சீனாவின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது மிக முக்கியம். தாங்கள் இருக்கும் செங்துவின் பேச்சில் 'ந', 'ல' இரண்டும் பெரும்பாலும் கலந்துவிடுகின்றன. 'தெற்கு' என்று பொருள்படும் 'நான்', 'நீலம்' என்று பொருள்படும் 'லான்' இரண்டும் அங்கே ஒரே ஒலிதான். ஆகவே 'நைட்', 'லைட்' என்ற இரண்டு சொற்கள் அந்த மாணவியின் காதில் ஒரே சொல்லாகத்தான் விழுந்திருக்கும். எதை எழுதுவது என்பதை நினைவு மட்டுமே தீர்மானிக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. செங்துவில் 'இ' ஒலிக்கு முன்னால் இக்கலப்பு நிகழ்வதில்லை. அங்கே 'நி' சற்றே 'ஞி' போல ஒலித்து, 'லி'யிலிருந்து விலகி நிற்கிறது. அப்படியானால் 'நீட்', 'லீட்' ஆகிய சொற்களில் தங்கள் மாணவர்கள் தடுமாற மாட்டார்கள் என்று எதிர்பார்க்கிறேன். நோட்டைப் புரட்டிச் சொல்லுங்கள்.

அதே செங்துப் பேச்சில் சொல்லின் இறுதியில் 'எங்' ஒலி 'என்' ஒலியோடும், 'இங்' ஒலி 'இன்' ஒலியோடும் ஒன்றிவிடும். 'லெங்த்' என்பதில் 'ஜி' ஏன் விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. ஃபூஜியன் மாகாணத்தவருக்கு வேறு தொல்லை. அங்குள்ள 'மின்' என்னும் சீனக் கிளைமொழிகளில் 'ஃப' ஒலியே இல்லாததால் அவர்கள் அதை 'ஹ' ஆக்கிவிடுவார்கள். தங்கள் மாகாணத்தையே 'ஹூஜியன்' என்று சொல்கிறார்கள் என்று மற்றச் சீனர்கள் அவர்களைக் கேலி செய்வது வழக்கம். நான் இருந்த குவாங்சோவில் காண்டனீஸ் பேசுபவர்களுக்கு 'ர' இல்லை. 'ஃப்ரை' என்பதும் 'ஃப்ளை' என்பதும் அவர்கள் எழுத்தில் கட்டிப்புரண்டன. ஆனால் சொல்லிறுதியில் வரும் 'ப்', 'ட்', 'க்', 'ம்' ஆகியவை காண்டனீஸில் உண்டு, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் இல்லை. மாண்டரின் அசை உயிரிலோ, 'ன்', 'ங்' ஒலிகளிலோ, நாக்கை மடக்கிய 'ர்' ஒலியிலோதான் முடியும். எனவே 'டிஃபரண்ட்', 'டிஃபரன்ஸ்' இரண்டின் கடைசி ஒலியும் மாண்டரின் காதுக்கு எட்டுவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது எனக்கு வந்த ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். 'பேப்பர்' என்பதன் முதல் எழுத்துக்கும் 'பஸ்' என்பதன் முதல் எழுத்துக்கும் நாம் எழுதும் பெயர் 'பி' ஒன்றுதான்; 'டீச்சர்', 'டாக்டர்' இரண்டின் முதலெழுத்தும் 'டி' தான். இந்தச் சிக்கலின் இன்னொரு வடிவம் சீனர்களுக்கும் உண்டு. நமக்கு 'ப' எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. அவர்களுக்கு மூச்சுக்காற்று தீர்மானிக்கிறது: காற்று வேகமாக வெளிப்பட்டால் அது பேப்பரின் 'பி', வெளிப்படாவிட்டால் பஸ்ஸின் 'பி'. ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தை அடுத்து வரும் பேப்பரின் 'பி' காற்றை இழந்துவிடுகிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'பேப்பர்', 'ஸ்பீக்' என்று ஆங்கிலேயர் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். ஆகவே சீனப் பிள்ளைகள் 'ஸ்பீக்', 'ஸ்டாப்' போன்ற சொற்களில் பஸ்ஸின் 'பி'யையும் டாக்டரின் 'டி'யையும் எழுதினால் அவர்கள் காது கூர்மையாக வேலை செய்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். சீனப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இதை ஒரு விதியாகவே சொல்லித்தருகிறார்கள்: 'எஸ்' எழுத்துக்குப் பின் வந்தால் அப்படி ஒலிக்கும், ஆனால் அப்படி எழுதக் கூடாது என்று.

'மாடர்ன்' பற்றி. பிரிட்டிஷ் உச்சரிப்பில் அந்த 'ஆர்' ஒலிப்பதே இல்லை. மாணவருக்கு அங்கே ஓர் 'ஆர்' உண்டு என்பது கண்ணால் தெரியும், எங்கே என்பதைக் காது சொல்லாது. 'மோர்', 'மார்னிங்' போன்ற பழகிய சொற்களின் தொடக்கம் கைக்கு எளிதாக வருவதால், 'ஆர்' அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. 'ஆபர்ச்சுனிட்டி'யில் அதற்கு உட்கார வேறு இடம் கிடைக்கவில்லை, விழுந்துவிட்டது.

மறுமொழி 2 | செம்மைக்கோல்

முன்னவர் சொன்னதில் காது பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் தாங்கள் கொடுத்த பட்டியலில் ஏறக்குறையப் பாதியைச் சீன மொழியின் கணக்கில் எழுதுவது நியாயமன்று என்பது என் கருத்து. நான் ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மொழிதிருத்தம் செய்பவன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் 'கவர்ன்மெண்ட்', 'என்விரான்மெண்ட்' இரண்டிலும் அதே 'என்' எழுத்தைத்தான் விடுகிறார்கள். 'ஃபார்ட்டி'யில் 'யு' சேர்ப்பதும், 'செபரேட்' என்பதில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'இ' போடுவதும், 'பிகினிங்' என்பதில் இரட்டிக்க வேண்டிய 'என்' எழுத்தை ஒற்றையாக எழுதுவதும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாள்தோறும் நடக்கின்றன. இவை ஆங்கில ஸ்பெல்லிங்கின் குணம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு வந்து எழுத்தை மெல்ல உறையவைத்தது, ஒலி மட்டும் மேற்கொண்டு மாறிக்கொண்டே போயிற்று. அந்தக் கடனை இன்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அடைக்கிறார்கள்.

எது சீனத்துக்கே உரியது என்று அறிய நான் கையாளும் வழி எளியது. அதே பிழையை அரபு, ஸ்பானிஷ், ஆங்கிலம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் கையெழுத்துப்படிகளிலும் கண்டிருக்கிறேனா என்று பார்ப்பேன். கண்டிருந்தால் அதற்குத் தனி மருந்து தேடுவதில்லை. இந்தச் சல்லடையில் தங்காமல் கீழே விழுந்து எனக்குச் சீனக் கட்டுரை என்று அடையாளம் காட்டுபவை பெரும்பாலும் எழுத்துகளே அல்ல. எழுத்துகளுக்கு இடையில் உள்ள வெற்றிடமும் பெரிய எழுத்தும்தான்.

சீன எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. வாக்கியம் முழுவதும் ஒரே சரமாக ஓடும். எனவே ஒரு சொல் எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குக் கண்ணால் பார்த்துப் பழகிய செய்தி அன்று. 'அ லாட்', 'இன் ஃபேக்ட்', 'ஈச் அதர்' ஆகியவற்றை ஒட்டி எழுதிவிடுவார்கள். முதல் சொல்லை ஒட்டுவது ஆங்கிலேயரிடமும் உண்டு, மற்ற இரண்டையும் அவர்களிடம் நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். சீன எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடும் இல்லை. அதனால் 'இங்கிலீஷ்', 'மண்டே' ஆகியவற்றின் முதலெழுத்து சிறியதாகவே நின்றுவிடுகிறது. இன்னொன்று, தட்டச்சு செய்த கட்டுரைகளில் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இராது. சீனத் தட்டச்சில் காற்புள்ளி ஒரு முழு எழுத்தின் அகலத்தை எடுத்துக்கொள்வதால், அதற்குப் பின்னால் இடைவெளி தானாகவே தெரியும். தனியே விட வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலம் எழுதும்போதும் விரலில் தங்கிவிடுகிறது.

'நைன்த்' என்பதை மட்டும் மேற்சொன்ன பொதுப்பிழைகளிலிருந்து பிரித்து வைப்பேன். ஆங்கிலேயப் பிள்ளைகளும் அதில் தவறுவதுண்டு, ஆனால் சீனர்களின் பிடிவாதம் வேறு. சீன எண்கள் அப்பழுக்கற்ற ஒழுங்கு உடையவை. ஒன்பதுக்கு 'ஜியு', தொண்ணூறுக்கு ஒன்பது-பத்து என்ற பொருளில் 'ஜியு-ஷ்', ஒன்பதாவதுக்கு முன்னால் ஒரு 'தி' சேர்த்து 'தி-ஜியு'. எண்ணின் உருவம் எங்கேயும் சிதையாது. அந்த ஒழுங்கில் வளர்ந்தவர் 'நைன்' என்ற எண்ணின் கடைசி 'இ'யை எறிந்துவிட்டு எழுத வேண்டும் என்பதை எப்படி ஊகிப்பார்? 'ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம்' என்று எண்ணும் நமக்கு இந்த ஆச்சரியம் புரிவது கடினம்.

மறுமொழி 3 | நாலுவரிநோட்டு

நான் மொழியறிஞர் அல்லேன். என் மகன் ஐந்து ஆண்டுகள் சூச்சோ நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சீனப் பிள்ளைகளோடு படித்தான். வீட்டில் அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற முறையில், மேலே இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது பின்யின்.

சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முதலில் வருகிறது, ரோம எழுத்து பிறகு வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது நேர்மாறு. 1958 பிப்ரவரி 11 அன்று தேசிய மக்கள் பேரவை ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற ரோம எழுத்து முறையைப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே கற்கிறார்கள். சீன எழுத்துகளின் ஒலியைக் காட்டுவதற்கான ஏணி அது. நாடு முழுவதும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று கல்வி அமைச்சகம் வகுத்தது 2001இல்தான். ஆக, ஆங்கில வகுப்பில் உட்காரும்போது அந்தப் பிள்ளைக்கு ரோம எழுத்துகள் இரண்டாண்டு பழகிய நண்பர்கள், ஆனால் அவற்றுக்குச் சீன ஒலி. இரண்டுக்கும் ஒரே நாலுவரி நோட்டு என்பது குழப்பத்தை இன்னும் கூட்டும்.

என் மகனின் வகுப்பில் ஆசிரியை ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் எழுதுவார்கள். 'இ' என்ற ஆங்கில எழுத்தின் பெயரைக் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் 'ஐ' எழுத்தைப் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் பின்யினில் 'ஐ' எழுத்துக்குத்தான் 'ஈ' என்ற ஒலி. பின்யினில் 'ஆ' என்று ஒலிக்கும் எழுத்து 'ஏ'. ஆகவே 'ஆர்' என்று ஆசிரியை சொன்னால் சில பிள்ளைகள் 'ஏ' எழுதுவார்கள். 'ஐ' என்று சொன்னாலோ பின்யினில் அது 'ஏ', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டிய ஒலி. என் மகன் ஒரு நாள் 'கேக்' என்ற சொல்லைக் கே-இ-ஐ-கே என்று எழுதிவிட்டு, 'இதில் என்ன தவறு?' என்று சண்டை பிடித்தான். பின்யினை அறிந்தவளுக்கு அவனிடம் சொல்லப் பதில் இல்லை.

இந்தத் தடுமாற்றம் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப்பின் வருவதுதான் தாங்கள் கேட்ட நீண்ட சொல், குறுஞ்சொல் புதிருக்கு விடை என்று எனக்குத் தோன்றுகிறது. சீன எழுத்துகளைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஓர் எழுத்தை வரி வரியாக எழுத வேண்டும். மறுநாள் வகுப்பில் 'திங்-ஷியே', அதாவது ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதுவது. தவறினால் மறுபடியும் வரி வரியாக. ஆங்கிலச் சொற்களையும் அதே முறையில்தான் கற்கிறார்கள். 'ரெஸ்பான்சிபிலிட்டி' போன்ற சொல்லை அவர்கள் ஒலியாக நினைவில் வைப்பதில்லை. எழுத்துப் பெயர்களைப் பாட்டாகச் சொல்லிச் சொல்லி, கை தானாக ஓடும்வரை எழுதியிருப்பார்கள். சொற்பட்டியல் புத்தகங்களின் தொடக்கத்தில் அகரவரிசைப்படி நிற்கும் 'அபாண்டன்' என்ற சொல்லோடு படிப்பையே கைவிட்டவர்களைப் பற்றி அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு, அந்தச் சொல்லின் பொருளும் 'கைவிடு' என்பதால். அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் பிழையாக எழுதி நான் கண்டதில்லை! பட்டியலில் உள்ள கடினச் சொற்களுக்குக் கிடைக்கும் இந்த உழைப்பு 'ஃப்ரம்', 'க்வைட்' போன்ற எளிய சொற்களுக்குக் கிடைப்பதில்லை.

பின்யினைக் குற்றம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது முறையாகாது. 1996இல் ஹோம், டாட் என்ற இரு ஆய்வாளர்கள் சீனா, ஹாங்காங், வியட்நாம், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆங்கிலச் சொற்களைப் படிப்பதிலும் எழுதுவதிலும் நான்கு குழுவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பொருளற்ற புதுச்சொற்களைக் கொடுத்தபோது மட்டும் ஹாங்காங் மாணவர்கள் பின்தங்கினார்கள். பின்யின் இல்லாமல் எழுத்தை முழு உருவமாகவே கற்றவர்கள் அவர்கள். சொல்லை ஒலிகளாக உடைக்கும் பழக்கத்தைச் சீனப் பெருநிலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அந்தப் பின்யின்தான்.

செங்துவாசி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. நோட்டை இரவோடிரவாகப் புரட்டிப் பார்த்தேன். 'நைட்', 'லைட்' தவிர, 'நோ' என்பதற்கு 'லோ' என்று எழுதியதும் ஓரிடத்தில் இருந்தது. 'நீட்', 'லீட்' பலமுறை வந்திருந்தும் ஒருமுறைகூட மாறவில்லை. அந்த எதிர்பார்ப்பு இவ்வளவு துல்லியமாகப் பலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாறி எழுதிய இருவரும் சிச்சுவானைச் சேர்ந்தவர்கள். வடக்கேயுள்ள ஹெபெய் மாகாணத்திலிருந்து வந்த மாணவர் தாளில் அது இல்லை.

நேற்று மாணவர்களிடம் 'ட்சுவோ-ட்சு', 'பியெ-ட்சு' என்ற இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, அவர்களுடைய பிழைகளை அவர்களையே இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு வெளிநாட்டவன் வாயிலிருந்து அச்சொற்கள் வந்ததில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு 'ஏஞ்சல்', 'ஆங்கிள்' இரண்டையும் பார்த்து ஒரு மாணவி தானாகவே ஒன்றைச் சொன்னார்: சீனத்தில் 'மரம்' குறியை மேலேயும் 'வாய்' குறியைக் கீழேயும் எழுதினால் 'ஷிங்' என்னும் பழம், அவற்றையே மேல்கீழாக மாற்றினால் 'தாய்' என்று ஒலித்து 'மந்தபுத்தி' என்று பொருள்படும் எழுத்து. உறுப்புகள் அவையே, இருக்கும் இடம் மாறினால் எழுத்தே வேறு. கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறுவதால் தேவதை கோணமாகிவிடுவதும் அப்படித்தானே என்றார். நான் ஒரு மாதமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். தேர்வில் இப்பிழைகளுக்கு உண்மையில் எவ்வளவு இழப்பு? பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறைகளைக் கலந்து எழுதுவதையும் பிழையாகக் குறிக்க வேண்டுமா? 'கலர்' என்பதை ஒரே தாளில் 'யு' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள்.

செம்மைக்கோல்

கல்லூரித் தேர்வில் கட்டுரையை முழுமையாகப் படித்து, மொத்தமாக ஏற்படும் மதிப்பீட்டின்படியே மதிப்பெண் இடுகிறார்கள். ஒவ்வொரு பிழைக்கும் இவ்வளவு என்று கழிப்பதில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் தேர்வில், அதாவது ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண் உள்ள அந்தத் தேர்வில், கட்டுரைக்கான மதிப்பீட்டு விதி இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் மொழித் துல்லியத்தின் ஒரு பகுதி, அவை கருத்துப் பரிமாற்றத்தை எவ்வளவு பாதிக்கின்றன என்பதைப் பார்த்தே மதிப்பிட வேண்டும், பிரிட்டிஷ் முறையும் அமெரிக்க முறையும் ஏற்கத்தக்கவை என்பது அவ்விதி. கோடிட்ட இடத்தில் ஒரு சொல்லை எழுதும் வினாக்களில் இந்தத் தாராளம் இல்லை. ஓர் எழுத்து பிசகினாலும் அந்த மதிப்பெண் போய்விடும். தங்கள் மாணவர்கள் பள்ளியில் அந்தக் கெடுபிடியில் வளர்ந்தவர்கள், அதனால்தான் முகம் வாடுகிறது.

'கலர்' விஷயத்தில் ஒரே தாளுக்குள் ஒரே முறையைக் கடைப்பிடிக்கச் சொன்னால் போதும். அதைச் சிவப்பில் சுழிக்க வேண்டாம், ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்.

கருத்துப் பரிமாற்றம் என்று பார்த்தால், எது அதிகம் கெடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். 'மாடர்ன்' எப்படி எழுதப்பட்டிருந்தாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். 'நேற்றிரவு' 'நேற்று வெளிச்சம்' ஆகிவிட்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். முதல் மறுமொழியாளரின் பிரிப்பை நான் முதலில் மொழியியல் அழகாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். மதிப்பெண்ணுக்கும் அதுவே பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருமொழிப்பாலம்

நோட்டில் அந்தக் கணிப்பு சரிபார்க்கப்பட்டதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. 'ஷிங்', 'தாய்' எடுத்துக்காட்டை நான் இனிமேல் கடன் வாங்கிக்கொள்வேன்.

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். 'நைட்', 'லைட்' போன்ற காதுப் பிழைகளுக்கு 'உச்சரிப்பைச் சரிசெய்' என்று சொல்லிப் பயனில்லை. இருபது வயதில் காது அவ்வளவு விரைவில் திருந்தாது. ஆனால் அம்மாணவர்களுக்கு இதே சிக்கல் தங்கள் தாய்மொழியிலும் இருந்திருக்கிறது. செங்துவில் வளர்ந்த பிள்ளை எந்தச் சீன எழுத்து 'ந' வரிசை, எது 'ல' வரிசை என்பதைப் பொதுமொழிக்காக ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துதான் பள்ளியில் தேறியிருக்கும். கைப்பேசியில் பின்யினைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே நினைவைத்தான் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். அதையே ஆங்கிலத்துக்கும் செய்யச் சொல்லுங்கள்: நோட்டின் ஒரு பக்கத்தில் 'என்' எழுத்தில் தொடங்கும் பழகிய சொற்கள், எதிர்ப்பக்கத்தில் 'எல்' எழுத்தில் தொடங்குபவை, அதிலும் 'இ' ஒலி பின்வராதவை மட்டும். பட்டியல் நாம் அஞ்சுகிற அளவுக்கு நீளாது.

கட்டுரையை எழுதி முடித்தபின் மீதமிருக்கும் இரண்டு, மூன்று நிமிடங்களில் இரண்டு முறை படிக்கப் பழக்குங்கள். ஒருமுறை கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கி, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிப் படிக்கட்டும். பொருள் இழுத்துக்கொண்டு போகாததால், விழுந்த 'என்', இடம் மாறிய 'ஆர்' எல்லாம் கண்ணில் படும். ஆனால் அப்படிப் படிக்கும்போது 'லைட்' பிழையாகத் தெரியாது, தனியே நின்றால் அது நல்ல சொல்தானே. ஆகவே இன்னொரு முறை தொடக்கத்திலிருந்து, உதடு அசைய, பொருளோடு படிக்க வேண்டும். நேரம் ஒரு முறைக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டாவதைச் செய்யட்டும்.